ஜன்னலைக் கழற்றிய வருஷம்

என் மகளின் ரத்தத்தில் காரீயம் கலந்திருக்கிறது என்று சென்னையில் ஒரு டாக்டரம்மா சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவளுக்கு அப்போது இரண்டரை வயது. மூன்று மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெளிக்கிப் போக முடியாமல் முக்கினாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போயிருந்தது. எங்கள் ஊர் திருத்தணியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பூச்சி வரவில்லை. மாமியார் மூன்று முறை திருஷ்டி கழித்தார். அதிலும் ஒன்றும் போகவில்லை. கடைசியில் நானே தூக்கிக்கொண்டு மின்சார ரயிலேறினேன்.

டாக்டரம்மா வரிசையாகக் கேள்விகள் கேட்டார். வயிறு வலிக்கிறதா? மலம் இறுகுகிறதா? சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாளா? காரணமில்லாமல் எரிந்து விழுகிறாளா? ஈறின் ஓரம் கறுத்திருக்கிறதா என்று அவரே வாயைத் திறந்து பார்த்தார். வீட்டில் பழைய பெயிண்ட் இருக்கிறதா, அண்மையில் சுரண்டினீர்களா என்பது கடைசிக் கேள்வி. நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். பத்து நாள் கழித்து வந்த ரத்தப் பரிசோதனைத் தாளும் ஆமாம் என்றது.

பெயிண்ட் இருக்கிறதாவா? எங்கள் வீடே பெயிண்ட்தான். மலைக்குப் போகிற வழியில் உள்ள தெரு. ஆடிக்கிருத்திகை வந்தால் காவடியோடு வருகிற குடும்பங்கள் வருஷம் தவறாமல் எங்கள் முன்னறையில்தான் தங்கும். அவர்கள் கண்ணுக்கு வீடு பளபளக்க வேண்டும் என்பது என் மாமனாரின் வைராக்கியம். தாலுக்கா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஊரில் எவன் வீட்டுச் சுவர் எவ்வளவு அழுக்கு என்று கணக்காகச் சொல்லுவார். ஆனி பிறந்ததும் ஜன்னலுக்குப் பச்சை, வாசக்காலுக்கு மஞ்சள். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் அரைத்துப் பூசுவதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? மஞ்சள் எனாமலை ஒரே அடியாக அடித்து, மேலே சிவப்புப் பெயிண்டில் வரிசையாகப் பொட்டு வைத்துவிட்டால் வருஷம் முழுக்க மங்களம். தெருவில் எல்லா வீட்டு வாசக்காலும் அப்படித்தான். என் மகளுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்த முதல் பக்தி அந்த வாசக்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது. ஒற்றிய கையை அவள் நேராக வாயில் வைத்துக்கொள்வாள். நாங்கள் கை தட்டிச் சிரித்தோம்.

அந்த வருஷம் மாமனார் ஒரு படி மேலே போனார். முப்பது வருஷப் பெயிண்ட் ஏடு ஏடாகத் தடித்துப்போய்விட்டது, புதுசு பிடிக்கவில்லை, பழசை எல்லாம் எடுத்துவிட்டு அடி என்றார். பெயிண்டர் மேஸ்திரி ப்ளோ லேம்ப் கொண்டுவந்தார். மண்ணெண்ணெய் ஊற்றி, பம்ப் அடித்தால் சீறிக்கொண்டு எரிகிற சாமான். அதைக் காட்டக் காட்டப் பச்சை பெயிண்ட் கொப்புளித்து எழும்பும், பட்டித்தகட்டால் வழித்துத் தள்ளுவார். வராத இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், அதிலும் வராததை அப்படியே விட்டு மேலே புதுப் பச்சை அடித்தார். நான்கு நாள் வீடு முழுக்கப் புகையும் பொடியும். என் மகள் அந்தப் பச்சைச் சிராய்களைப் பொறுக்கி, சின்னச் சொப்பில் போட்டுச் சமைத்து விளையாடினாள். முன்னறை ஜன்னல் விளிம்பில் வாயை வைத்துக்கொண்டு தெருவில் போகிற காவடிகளை எல்லாம் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதுகூட என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

பழைய பெயிண்டை எடுத்தாக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். உலர்ந்தபடி சுரண்டக் கூடாது, கொளுத்தக் கூடாது, எடுக்கிறபோது குழந்தை வீட்டிலேயே இருக்கக் கூடாது. இதற்கென்று தெரிந்தவர்களை வைத்துச் செய்யுங்கள் என்றார். நான் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். அந்தத் தெரிந்தவர்களைத் தேடித்தான் எனக்கு ஒரு மாதம் போயிற்று.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து டெலிபோன் பூத்தில் நின்று சென்னையில் யார் யாருக்கோ போன் போட்டேன். ஒரு பெயிண்ட் கம்பெனியில் பேசிய பெண், "எங்க பெயிண்ட் நல்லா ஒட்டுமே மேடம், ஏன் எடுக்கணும்?" என்றாள். ஒரு பரிசோதனைக் கூடத்தில், தொழிற்சாலைகள் கேட்டால்தான் பார்ப்போம், வீட்டு ஜன்னலை எல்லாம் பார்ப்பதில்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் காரீயமா, எறும்புக்கா, கரையானுக்கா என்று கேட்டார்கள். பூத்துக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் என் கணவர் அரக்கோணத்தில் தன்னோடு வேலை செய்கிறவர் மூலமாக ஒரு நிபுணரைப் பிடித்தார். நிபுணர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, கையில் ஒரு பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கினார். ஜன்னலைத் தட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். ஒரு சிராயைக் கண்ணாடிக் குழாயில் போட்டு ஏதோ ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் காட்டினார். சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். சாப்பிட்டார். இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். கையைத் துடைத்துக்கொண்டே, "பயப்பட ஒண்ணுமில்ல. இதுல லெட், அதான் காரீயம், கிடையாது" என்றார்.

"அப்ப என் பொண்ணு ரத்தத்துல எப்படி வந்துது?" என்றேன்.

"தண்ணில இருக்கலாம். காத்துல இருக்கலாம். நீங்க லிப்ஸ்டிக் போடுவீங்களா?"

என் மாமனாருக்கு வந்ததே சந்தோஷம்! "நாங்கல்லாம் ஈயச் சொம்புல ரசம் வச்சுக் குட்ச்சி வளர்ந்தவங்க. எங்களுக்கு இன்னா ஆயிடுச்சு?" என்றார். அது வெள்ளீயம், இது காரீயம் என்று நான் கத்தினேன். எந்த ஈயமாக இருந்தால் என்ன என்பது போல அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். நிபுணரை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த என் கணவர் வாசலிலேயே நின்றார். ஜன்னல்களைக் கழற்றினால்தான் குழந்தையோடு இந்த வீட்டில் இருப்பேன், இல்லாவிட்டால் கனகம்மாசத்திரத்தில் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். அவர் அப்பாவின் பக்கம் திரும்பி, "நைனா, கழட்டிடலாம்" என்றார். அந்த மனிதர் கல்யாணமான நாளாகத் தன் அப்பாவை எதிர்த்துப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

நிபுணர் இல்லை, கம்பெனி இல்லை. மிச்சம் இருந்தது பழைய பெயிண்டர் மேஸ்திரிதான். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டு என்று சொன்னதற்கு மற்ற பெயிண்டர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. பள்ளிப்பட்டுப் பக்கம் ஊர், ஐம்பது வயதிருக்கும், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஒல்லியான உடம்பு. டம்ளரை நீட்டினால் வாங்குகிற கை ஆடும், டீ தளும்பும். வேலைக்கு நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். பகலிலேயே குடிக்கிற ஆள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

"கொளுத்தக் கூடாது மேஸ்திரி. ப்ளோ லேம்ப் இந்தத் தெருப் பக்கமே வரக் கூடாது. பொடி பறந்தா உங்கள சும்மா விடமாட்டேன்" என்றேன்.

"ஆங், செரிம்மா. நீங்க சொல்றாப்பலயே செய்யறேன்" என்றார்.

மகளைக் கனகம்மாசத்திரத்தில் விட்டேன். தச்சர் வந்து ஐந்து ஜன்னல்களையும் சட்டத்தோடு பெயர்த்தார். அடிப்பக்கம் எல்லாம் உளுத்துப்போயிருந்தது, வேறு எதற்கும் உதவாது. வாசக்காலை மட்டும் கழற்றக் கூடாது, குடும்பத்துக்கு ஆகாது என்று மாமனார் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். சரி, அதை மேஸ்திரி ஈரமாகச் சுரண்டினார். சாக்கு விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு. நான் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து காவல் காத்தேன். போலீஸ்காரி தோற்றுப்போவாள். வழித்த ஈரப் பெயிண்டைச் சாக்கில் கட்டி அவரே எடுத்துப் போனார். தரையை நான்கு முறை ஈரத்துணியால் துடைத்தேன். புது ஜன்னல்களுக்குப் பெயிண்டே கூடாது என்று சொல்லிவிட்டேன். வெறும் மரம், மேலே எண்ணெய். மாமனார் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் உச்சுக் கொட்டினார். எனக்கு என்னவோ ஒரு யுத்தத்தை ஜெயித்த மாதிரி இருந்தது.

அடுத்த பரிசோதனையில் காரீயம் பாதியாகக் குறைந்திருந்தது. டாக்டரம்மா என் தோளைத் தட்டினார். கார்த்திகையில் மகளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மார்கழி முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டேன். கையை அடிக்கடி கழுவிவிட்டேன். வெந்நீரில்தான் குளிப்பாட்டினேன். அவளுக்கு முதல் சோறு ஊட்டியபோது வாங்கிய வெண்கலக் கிண்ணத்தில்தான் சாப்பாடு, வேறு எவர் எச்சிலும் படாமல்.

தை மாதப் பரிசோதனையில் மறுபடி ஏறியிருந்தது. பழைய அளவுக்கே வந்துவிட்டது.

ரயிலில் திரும்பி வருகிறபோது அரக்கோணம் வரை அந்தத் தாளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மகள் மடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். மேஸ்திரி ஏமாற்றிவிட்டார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. நான் சமையலறைக்குப் போன நேரம் பார்த்து உலர்ந்தபடி சுரண்டியிருக்கிறார், குடிகாரன் வேறு என்ன செய்வான். மறுநாள் காலை ஆள் அனுப்பி அவரை வரச்சொன்னேன். வந்ததும் வராததுமாக வாசலில் நிறுத்தியே ஆரம்பித்தேன். அதுவரை மேஸ்திரி, நீங்க என்று பேசிக்கொண்டிருந்த நான் நீ, வா, போ என்று இறங்கினேன். குடித்துவிட்டு வேலை செய்தாய் என்றேன். என் பெண்ணைக் கொன்றுகொண்டிருக்கிறாய் என்றேன். எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் வெளியே வந்து நின்றன. இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அவர் தலை நிமிரவில்லை. "தண்ணி போட்டுத்தானம்மா சொரண்டுனேன். நீங்க எதிர்லயே குந்தினு இருந்தீங்களே" என்றார். பிறகு, "கொஞ்சம் மூஞ்சி கழுவிக்கறேன்" என்று சந்து வழியாகப் பின்பக்கம் போனார். தப்பித்துப் போகிறாயா என்று நானும் பின்னாலேயே போனேன்.

பின்பக்கம் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தவலை நிறையத் தண்ணீர். தைக் குளிருக்கு என் மகள் அடுப்பின் எதிரில் பலகை மேல் உட்கார்ந்து கையைக் காட்டிக் காய்ந்துகொண்டிருந்தாள். புகை அவள் முகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மேஸ்திரி தொட்டிப் பக்கம் போனவர் அடுப்பின் அருகில் நின்றுவிட்டார். குனிந்தார். எரிகிற கட்டையை வெறுங்கையால் பிடித்து வெளியே இழுத்தார். அதன் மறுமுனையில் பச்சை பெயிண்ட் கொப்புளித்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இது?" என்றார்.

என்ன என்றால்? எங்கள் வீட்டு முன்னறை ஜன்னல். தச்சர் கழற்றிப்போட்டதும் நான்தான், ஆமாம் நான்தான், அடுப்புக்கு அளவாக அறுத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றேன். பின்பக்கம் சுவரோரம் அழகாக அடுக்கினேன். வீட்டில் எதையும் வீணாக்காத மருமகள் என்று மாமியார்கூட அன்றைக்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னார். கொளுத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது ப்ளோ லேம்பைத்தான் என்று என் மண்டையில் ஏறியிருந்தது. அடுப்பு என் நினைவுக்கே வரவில்லை. அடுப்பில் போடுவதைக் கொளுத்துவது என்று எங்கள் வீட்டில் யார் சொல்வார்கள்? அது விறகு. மரம் என்றால் அடுப்புக்கு, அடுப்பென்றால் வெந்நீர். மகளைக் கூட்டிவந்த பிறகு ஐம்பது அறுபது நாளாகத் தினமும் காலையில் நானே எழுந்து ஒவ்வொரு கட்டையாகச் சொருகி, நானே ஊதி, நானே என் மகளைப் புகைக்கு எதிரில் உட்காரவைத்திருக்கிறேன். அந்தச் சாம்பலை அள்ளி, புளியோடு சேர்த்து, அவளுடைய வெண்கலக் கிண்ணத்தை நானே தேய்த்திருக்கிறேன். பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் எங்கள் வீட்டில் சோப்பு போடுவதில்லை, சாம்பல்தான். வேறு எவர் எச்சிலும் படக் கூடாது என்று அதைத் தனியாக, கூடுதலாக நாலு தேய்ப்பு தேய்ப்பேன்.

மேஸ்திரி மிச்சக் கட்டைகளையும் உருவித் தண்ணீரை ஊற்றினார். என் மகளைத் தூக்கிக் கொல்லைக் கதவுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் உள்ளங்கை சிவந்து போயிருந்தது. அப்போது நான் செய்ததை மறைக்க விரும்பவில்லை. நான் அவரைப் பார்த்து இன்னும் உரக்கக் கத்தினேன். யாரைக் கேட்டு அடுப்பை அணைத்தாய், யாரைக் கேட்டுக் குழந்தையைத் தொட்டாய், வெளியே போ என்றேன். அவர் செய்தது சரியாக இருந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர் போகவில்லை. போக முடியவில்லை. துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

"காலைலயே குடிச்சிட்டு வந்திருக்க" என்றேன்.

"நான் குடிக்கறதே இல்லம்மா. ரெண்டு மூணு வருசமா இந்த நோவு. வந்தா இப்டி இறுக்கிப் புடிச்சுக்கும். தானா பூடும்."

அவர் உட்கார்ந்திருந்த விதம் எனக்குத் தெரியும். என் மகள் அப்படித்தான் முழங்காலை மடக்கிக்கொண்டு சுருள்வாள். டாக்டரம்மா கேட்ட கேள்விகள் எனக்கு மனப்பாடமாக இருந்தன. என் வாய் தானாகக் கேட்டது.

"வெளிக்குச் சரியாப் போவுதா?"

"இல்லம்மா. நாலு நாளு, அஞ்சு நாளு ஆவும்."

"சாப்பாடு புடிக்குதா?"

"எங்க. வாயெல்லாம் ஒரு மாதிரி தித்திச்சுகினே கீது."

"கோவம் வருமா?"

"ஆங். வீட்ல பேசறதே இல்ல எங்கிட்ட."

வாயைத் திறக்கச் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டே திறந்தார். ஈறின் ஓரம் முழுக்க மை தீட்டின மாதிரி ஒரு கோடு ஓடியது. ஊரையே போனில் கூப்பிட்டு, பெட்டிக்காரனுக்கு ரசம் ஊற்றி, வீட்டு ஜன்னலையெல்லாம் முகர்ந்து பார்க்கவைத்த நான், எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நாள் கணக்காக அந்த ஆடுகிற கையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மறுவாரம் அவரையும் சென்னைக்குக் கூட்டிப்போனேன். ரயிலில் அவர் உட்காரவே இல்லை, கதவருகில் நின்றுகொண்டே வந்தார். தாள் வந்தது. என் மகளுடையதைவிடப் பல மடங்கு அதிகம். ஏதோ தவறு என்று நினைத்து இரண்டாம் முறை ரத்தம் எடுத்தார்கள், அதே அளவுதான் வந்தது. டாக்டரம்மா அவருக்கென்று ஒரு பெரிய டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த டாக்டர் மாத்திரை கொடுத்தார். இனிமேல் பெயிண்ட் பக்கமே போகக் கூடாது என்றார். மேஸ்திரி, "ஆங், செரிங்க" என்றார். என்னிடம் சொன்ன அதே குரல்தான்.

மிச்சம் இருந்த பச்சைக் கட்டைகளையும், சாம்பல் குழியில் இருந்த சாம்பலையும் அவர்தான் ஈரச் சாக்கில் அள்ளிக் கட்டினார். நான் செய்கிறேன் என்று சொன்னதற்கு, "நீங்க கொழந்தைய வச்சுகினு இருக்கீங்க, தொடாதீங்க" என்றார். குப்பை வண்டிக்காரர், இதைத் தனியாக எங்கே போடுவது, எல்லாம் ஒரே இடம்தான் என்றார். கடைசியில் ஊருக்கு வெளியே ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்ததாக மேஸ்திரி சொன்னார். அது சரியா தப்பா என்று சொல்ல எங்களுக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. வெண்கலக் கிண்ணத்தை நான் கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டு அதோடேயே கொடுத்தனுப்பினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தையை நான் அவரிடம் சொல்லவில்லை. நீங்க என்று மட்டும் மறுபடி கூப்பிட ஆரம்பித்தேன், அவ்வளவுதான் என் யோக்கியதை.

மகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சோறு கேட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். ஆனி மாதத் தாளைப் பார்த்து டாக்டரம்மா சிரித்த அன்று நான் ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய ஓடி வந்தேன்.

தெருவுக்குள் நுழைந்ததும் பெயிண்ட் வாசம் அடித்தது. ஆடிக்கிருத்திகை வருகிறதே. எதிர் வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து வாசக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார் மேஸ்திரி. எதிர் வீட்டம்மா என்னைப் பார்த்ததும், "உங்க வீட்ல இன்னாத்தயோ கத்துக்கினு வந்துட்டாரு, தண்ணி ஊத்தியே நாலு நாளு இழுத்துட்டாரு" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவளை விட்டுவிட்டு அவரிடம் போனேன்.

"டாக்டர் இன்னா சொன்னாரு மேஸ்திரி? உங்க காதுல விழல?"

துண்டை இறக்கினார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பாப்பா தேறிட்டாப்பல கீதே" என்றார். பிறகு என் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொன்னார்.

"விழுந்துதும்மா. நீங்க ஜன்னல கழட்டிட்டீங்க. எனக்கு இதான வேலை."

இனிக் கத்துவதற்கு அந்தத் தெருவில் எனக்கு ஆள் இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, பெயிண்ட் இல்லாத என் ஜன்னலை ஓங்கிச் சாத்தினேன். சாத்திய பிறகும் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.